நான் பேசிக்கறேன்

நான்-பேசிக்கறேன் மாமா இதுவரை கார் வாங்கியதில்லை. அவரிடம் இருப்பது ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல். ஆனால் திருப்போரூரிலிருந்து கேளம்பாக்கம் வரை சொந்தக்காரர்கள் யார் வீட்டு வாசலில் கார் நின்றாலும் அது அவர் "பேசிக் கொடுத்த வண்டி". பணம் கட்டியவன் பெயர் ஆர்சி புக்கில் இருக்கும். பேசியவர் பெயர் ஊர் வாயில் இருக்கும். அதற்கு ஊரை விட அவரே அதிகம் உழைத்திருப்பார்.

உங்கள் வீட்டில் அவர் சித்தப்பாவாக இருக்கலாம், ரிட்டயர்டான அத்திம்பேராக இருக்கலாம். எங்களுக்கு அவர் என் மனைவியின் தாய்மாமா. "வண்டி பாக்கலாம்னு இருக்கோம்" என்று மனைவி போனில் யாரிடமோ சொன்னாள். போனை வைப்பதற்குள் எக்ஸ்எல் சத்தம் தெருமுனையில் கேட்டது.

"மாப்ள, நீங்க வாயத் தொறக்காதீங்க. நான் பேசிக்கறேன்."

எந்த வண்டி என்பதில் மாமாவுக்குப் பெரிய அக்கறை கிடையாது. எல்லோரையும் போல எங்களுக்கும் கொஞ்சம் தூக்கலாக நிற்கிற வண்டிதான் வேண்டியிருந்தது. பெரிய ஜீப்பும் இல்லை, தரையைத் தேய்க்கிற காரும் இல்லை. சின்ன காரை நாலு விரல் தூக்கி, சக்கரத்தைச் சுற்றிக் கறுப்பு பிளாஸ்டிக் ஒட்டினால் அதற்குக் கம்பெனியில் கிராஸ்ஓவர் என்று பெயர், ஊரில் எஸ்யூவி என்று பெயர். நாடு முழுக்க இந்த ஆசை பற்றிக்கொண்டதில் நம் பக்கத்து ஊர்களுக்கும் பங்கு உண்டு. 2013-ல் மறைமலை நகரிலிருந்து எக்கோஸ்போர்ட் வந்தது, 2015-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து க்ரெட்டா, 2020-ல் ஒரகடத்திலிருந்து மேக்னைட். கார் தொழிற்சாலைகளுக்கு நடுவில் குடியிருப்பதால் கார் நமக்கு மலிவாகக் கிடைக்க வேண்டும் என்பது மாமாவின் உறுதியான நம்பிக்கை. கொட்டேஷனில் "லாஜிஸ்டிக்ஸ் அண்ட் ஹேண்ட்லிங்" என்று ஒரு வரியைப் பார்த்ததும், "இருங்காட்டுக்கோட்டைலேர்ந்து இங்க வர்றதுக்குக் கப்பலா வேணும்? நானே போயி ஓட்டிக்கிட்டு வர்றேன், சாவியக் குடு" என்றார். அவருக்கு ஓட்டத் தெரியாது. ஆனாலும் அந்த வரியை அடித்துவிட்டார்கள். இதை அவர் கணக்கில் எழுதத்தான் வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வரும் செலவு ஷோரூம் விலைக்குள்ளேயே அடங்கிவிட்டது. அதற்கு மேல் கேட்பதெல்லாம் கொடுக்கிறவன் கொடுக்கட்டும் என்று கேட்பதுதான்.

2021 செப்டம்பரில், எக்கோஸ்போர்ட் செய்த ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது ஊரே வேலை போகிறதே என்று கவலைப்பட்டது. மாமா மட்டும், "கறாரா நின்னான். வெல கொறைக்கத் தெரியாதவன் ஊர்ல நிக்க முடியாது" என்றார்.

வண்டியை அவர் சோதிப்பது பானெட்டை விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பதோடு சரி, தேங்காய் வாங்குவதைப் போல. அடுத்தது நாற்காலி. உட்கார்ந்தாயிற்றா, இனி அது ஷோரூம் இல்லை, போர்க்களம். சூரர்களோடு முருகன் திருச்செந்தூரில் கடலிலும் திருப்பரங்குன்றத்தில் நிலத்திலும் எங்கள் திருப்போரூரில் ஆகாயத்திலும் போரிட்டதாகப் புராணம். ஏசி அறைப் போரைப் புராணக்காரர்கள் விட்டுவிட்டார்கள்.

மாமாவிடம் ஒரே ஒரு ஆயுதம்தான். எழுந்து போவது.

எழுந்து போவது என்றால் நீங்களும் நானும் எழுந்து போவது போல இல்லை. முதலில் பேச்சை நிறுத்துவார். சட்டைப் பையில் இருக்கும் பேனாவைத் தொட்டுப் பார்ப்பார், இருக்கும். கொட்டேஷன் தாளை நாலாக மடித்து மேஜைமேலேயே வைப்பார், வேண்டாம் என்பதற்கு அடையாளம். இரண்டு முழங்காலிலும் கை ஊன்றி, "சரி" என்பார். இந்தச் "சரி"யில் குரல் இறங்க வேண்டும். அவர் தம்பி மகனுக்கு இதை உட்கார்த்தி வைத்துப் பழக்கியிருக்கிறார். பிறகு நாற்காலி சத்தம். "பாப்பா, பையனத் தூக்கிக்கோ." சோபாவில் தூங்கிவிட்ட எங்கள் பையனை மனைவி தூக்கிக்கொள்வாள். கண்ணாடிக் கதவு வரைக்கும் வேகமாக நடப்பார், கதவுக்குப் பத்தடி முன்னால் மெதுவாவார். கைப்பிடியில் கை வைத்துக்கொண்டு வெளியே வெயிலைப் பார்ப்பார். கூப்பிடுவதற்கு அவகாசம்.

கூப்பிட்டால் வெற்றி. கூப்பிடாவிட்டால்?

அதற்குத்தான் கண்ணாடிக்கூடு. எழுந்திருப்பதற்கு முன்பே மூக்குக்கண்ணாடிக் கூட்டை மேஜைமேல், ஸ்டாண்டிலிருக்கும் காலண்டருக்குப் பின்னால் தள்ளி வைத்திருப்பார். கூட்டில் கண்ணாடி இருக்காது, அது மூக்கில் இருக்கும். யாரும் கூப்பிடாவிட்டால் வாசல் வரை போய்விட்டு, "அடடா" என்று திரும்பி வந்து, கூட்டை எடுத்துக்கொண்டு, நின்றபடியே, போகிறபோக்கில் கேட்பதுபோல, "கடைசியா என்னதான் சொல்றீங்க?" என்று ஆரம்பிப்பார். ஐந்து நிமிஷத்தில் பையன் மறுபடி சோபாவில் கிடப்பான்.

எதிர்ப்பக்கமும் சும்மா இல்லை. சேல்ஸ் தம்பிக்கு இருபத்தி நாலு, இருபத்தி ஐந்து வயதிருக்கும். அவனுக்கும் எழுந்து போகத் தெரியும். "மேனேஜர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துடறேன் சார்" என்று ஒரு கண்ணாடி அறைக்குள் போவான். உள்ளே யாரும் இல்லாதது எங்களுக்குத் தெரியும். தண்ணீர் குடித்து, போனைப் பார்த்து, முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு வருவான். "ரொம்பக் கஷ்டம் சார். ஸ்கீம் இந்த மாசத்தோட முடியுது." மாமா, "அப்ப ஒண்ணாந்தேதி வர்றோம்" என்பார். இவர் வாசலுக்கும் அவன் அறைக்குமாக நடந்த நடையில் எங்கள் வண்டி நின்ற இடத்திலேயே கிலோமீட்டர் ஏறியிருக்கும்.

ஒரு நாள் அந்தத் தம்பி மாமாவின் தொழிலையே கெடுத்துவிட்டான். மாமா வழக்கம்போல எழுந்தார், நடந்தார், கைப்பிடியில் நின்றார். கூப்பிடவில்லை. சரி, வெளியே போய் எக்ஸ்எல் பக்கத்தில் நின்று நிதானமாகத் திரும்பலாம் என்று படியிறங்கினார். பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிவந்தான் தம்பி. மாமா முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். "சார், கண்ணாடிய மறந்துட்டீங்க" என்று இரண்டு கையாலும் கூட்டைக் கொடுத்துவிட்டு, வணக்கம் சொல்லிவிட்டு, உள்ளே போய்விட்டான்.

வெயிலில் நின்றோம். திரும்பிப் போக மாமாவிடம் காரணம் இல்லை. எதிர்க்கடையில் டீ குடித்தோம். டீக்கடைக்காரரிடம்கூட அவர் அன்றைக்கு விலை கேட்கவில்லை. கடைசியில், "பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்" என்று சொல்லி ஷோரூமுக்குள் போனார். முக்கால் மணி நேரம் வரவில்லை.

அட்வான்ஸ் மட்டும் கட்டவிட மாட்டார். எங்கள் கந்தசாமி கோயில் உண்டியலில் ஒரு பக்தரின் ஐபோன் தவறி விழுந்து, விழுந்தது முருகனுக்குத்தான் என்று 2024 டிசம்பரில் கோயில் சொல்லி, தமிழ்நாடே சிரித்ததல்லவா. மாமா சிரிக்கவில்லை. "அட்வான்ஸும் அப்படித்தான் மாப்ள. உள்ள போட்டா போட்டதுதான்." பேச்சு படிகிற நேரத்தில் நான் பர்ஸை எடுப்பதும் அவர் என் கையைப் பிடிப்பதுமாகச் சில மாதங்கள் ஓடின. அதற்குள் 2025 செப்டம்பர் 22 வந்தது. நாலு மீட்டர் நீளத்துக்குள், பெட்ரோல் இன்ஜின் 1200 சிசிக்குள் அடங்குகிற கார்களுக்கு இருந்த 28 சதவீத ஜிஎஸ்டியும் அதன்மேல் செஸ்ஸும் போய் 18 சதவீதம் என்றானது. அன்று காலை ஏழு மணிக்கு மாமா வாசலில். "பாத்தீங்களா? அவசரப்பட்டு எடுத்திருந்தீங்கன்னா? எதுக்கு எழுந்து எழுந்து வந்தேன்னு நெனச்சீங்க?" ஜிஎஸ்டி கவுன்சிலையும் இவர் எழுந்து போய்த்தான் பணிய வைத்தார் என்று அன்றிலிருந்து ஊரில் ஒரு பேச்சு.

இதெல்லாம் சிரிக்கலாம். சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது.

இந்த வண்டியை ஓட்டப்போகிறவள் என் மனைவி. தினமும் சிறுசேரி போய்வருவது அவள். கடன் அவள் சம்பளத்தில். நான் பஸ்ஸில் போகிறவன், லைசென்ஸைப் பர்ஸில் அழகுக்கு வைத்திருக்கிறேன். ஆனால் மாமா அவளைப் பேசவிட்டதே இல்லை. டெஸ்ட் டிரைவுக்குச் சாவியை என் கையில் கொடுத்தான் தம்பி. அவள் கேட்ட கேள்விக்கு என்னைப் பார்த்துப் பதில் சொன்னான். "பாப்பா, கலர் நீ பாத்துக்கோ" என்றார் மாமா. பத்து வருஷமாக ஓஎம்ஆரில் கார் ஓட்டுகிறவளுக்குக் கலர். அங்கிருந்த ஆண்கள் மூன்று பேரில் ஒருவருக்கு ஓட்டத் தெரியாது, ஒருவனுக்குத் தைரியம் கிடையாது, ஒருவனுக்கு அந்த மாத டார்கெட்.

அவள் கலர் பார்க்கவில்லை. சோபாவில் பையன் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து சாலை வரி, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்ச ரூபாய் வரைக்கும் 13 சதவீதம், அதைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். மாமா ஆசைப்பட்ட மாடல் அந்தக் கோட்டைக் கொஞ்சம் தாண்டியது. கோட்டுக்கு இந்தப் பக்கம் 1,30,000 என்றால் அந்தப் பக்கம் 1,80,000. சன்ரூஃப் இல்லாத அடுத்த மாடல் கோட்டுக்குள் இருந்தது. நம்மூர் வெயிலில் கூரையைத் திறந்துவைத்து யாரைப் பார்ப்பது? 10 லட்சத்தைத் தாண்டினால் டிசிஎஸ் என்று ஒரு சதவீதம் வேறு பிடிப்பார்கள். அது வருமான வரியில் திரும்பி வரும் என்றாலும் அன்றைக்குக் கையிலிருந்துதானே போகும். ஷோரூம் சொன்ன வட்டியைவிட அவளுடைய பேங்கில் அரை சதவீதம் குறைவு. 8 லட்சத்துக்கு ஏழு வருஷத்தில் அதுவே 17,000 ரூபாய்ச் சொச்சம். இன்ஷூரன்ஸுக்கு வெளியே ஒரு கொட்டேஷன் வாங்கி, பம்பர் டு பம்பர் உண்டா, ஐடிவி எவ்வளவு என்று ஒத்துப்பார்த்து, தம்பியிடம் போனை நீட்டினாள். அவன் மேனேஜரிடம் போகாமலேயே அந்த விலைக்கு வந்தான். எழுந்து போகாமல் உட்கார்ந்த இடத்தில் முடிந்த காரியம்.

அந்த நேரத்தில் மாமா எங்கே? கதவுப் பக்கம். ஃப்ளோர் மேட் இனாமாகக் கொடுத்தால்தான் கையெழுத்து என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கொடுத்தார்கள். வெற்றி. டெலிவரி அன்றைக்குத்தான் தெரிந்தது, அந்த மேட் கம்பெனி கொடுத்ததில்லை. மாதக் கடைசி, ஒரு வண்டி குறைகிறது என்று தம்பி தன் இன்சென்டிவிலிருந்து போட்டிருக்கிறான். பேச்சுவாக்கில் அவனே சொன்னான், வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. மாமா ஒன்றும் பேசவில்லை. ரிப்பன் கட்டி, கேக் வெட்டி, சாவி மாதிரி ஒரு பெரிய அட்டையை எல்லோரும் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்ததற்கப்புறம் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, சட்டைப் பையில் ஒரு நோட்டைத் திணித்தார். "வெச்சுக்கடா தம்பி, டீ சாப்புடு." பார்த்தேன், ஐந்நூறு. மேட் இரண்டாயிரத்து எண்ணூறு. மனசாட்சியிடமும் பேசித்தான் முடித்திருக்கிறார்.

கோயில் வாசலில் பூஜைக்கு நிறுத்தினோம். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தது மாமாதான். அந்த வயதில் மண்டி போட்டு, வேட்டியில் மண் படக் குனிந்து, ஒவ்வொரு பழமும் நேராக நசுங்குமா என்று பார்த்து வைத்தார். எங்கள் கல்யாணத்தில் மண்டப வாடகையைப் பேசிக் குறைத்ததும் இவர்தான். குறைத்த பணத்துக்கு ஒரு பாயசம் கூட வந்தது, அதைப் பரிமாறியதும் இவர்தான். எழுந்து நிற்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டார். யாரோ தெரிந்தவர், "புது வண்டியா? எவ்ளோ ஆச்சு?" என்றார். "அத வுடுங்க. அம்பதாயிரம் கொறச்சேன்" என்றார் மாமா. சாலை வரிக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றதில் மிஞ்சிய அதே ஐம்பதாயிரம். ஸ்டீயரிங் பிடித்திருந்தவள் என்னைப் பார்த்தாள். நான் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தேன்.

மேட் அளவு சரியில்லை. ஆக்சிலரேட்டருக்கு அடியில் சுருண்டு போய் நிற்கிறது, ஆபத்து. மனைவி முதல் வாரமே அதைச் சுருட்டி டிக்கியில் போட்டுவிட்டு வேறு வாங்கினாள். மாமா வண்டியில் வருகிற நாளில் மட்டும் டிக்கியிலிருந்து அந்த முன்சீட்டு மேட்டை எடுத்து அவர் கால் வைக்கிற இடத்தில் விரிப்பாள். ஏறி உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டைவிரலால் அதை ஒரு அழுத்து அழுத்திப் பார்ப்பார்.

"ஒரிஜினல் பாப்பா இது. வெளிய வாங்குனா நாலாயிரம் சொல்லுவான்."