எங்கேப்பா ஓடறே?

தருமபுரி மாவட்டத்தில் ஒரு மனிதன் ஓடுவதற்கு ஊர் ஒப்புக்கொண்ட காரணங்கள் கைவிரலில் அடங்கும். பென்னாகரம் பஸ் கிளம்பிவிட்டது. பின்னால் நாய் வருகிறது. எருது விடும் விழாவில் எருது எல்லாரும் எதிர்பார்த்த பக்கம் போகவில்லை. இவை போகக் காவலர் தேர்வு. இவற்றில் மரியாதை உள்ளது கடைசிக் காரணத்துக்கு மட்டும்தான். ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும் என்பது விதி. ஆகவே விடிவதற்கு முன் மைதானத்தில் பையன்கள் மூச்சிரைக்கச் சுற்றிவந்தால், அது சம்பளத்தை நோக்கிய ஓட்டம் என்று ஊருக்குப் புரியும். நாற்பது வயதில் அரசாங்க உத்தியோகம் எதுவும் எதிரே தெரியாமல், நாயும் துரத்தாமல், ஒருவர் சும்மா ஓடினால்தான் சிக்கல். அதே ஆள் சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ லண்டனுக்கோ போய் ஆறு மாதம் ஆகட்டும். சம்பளத்தில் கணிசமான பகுதியை ஒரு ஜோடி ஷூவுக்குக் கொடுத்துவிட்டு, காலை ஐந்து மணிக்கு ஓடுகிறார். அதுவும் சந்தோஷமாக ஓடுகிறார். அங்கே பார்க் இருக்கிறது, நடைபாதை இருக்கிறது என்று பலரும் காரணம் சொல்வார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. அங்கே யாரும் அவரை “எங்கேப்பா ஓடறே?” என்று கேட்பதில்லை. அயல்நாட்டு ஓட்டத்தின் ஆனந்தத்தில் முக்கால் பங்கு அதுதான்.

தட்பவெப்பத்தைக் காரணம் காட்டுபவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி வடக்கே இருக்கிறது. அங்கே நிழலில் அசையாமல் நின்றாலே சட்டை நனையும். துபாய்க் கோடை 40 டிகிரியைத் தாண்டும். தருமபுரியோ கடல் மட்டத்துக்கு 400 மீட்டருக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. மார்கழிக் காலையில் காதில் துண்டு கட்டாமல் டீக்கடைக்கு வர முடியாது. காப்பி விளைகிற வத்தல்மலை பக்கத்திலேயே இருக்கிறது. ஓடுவதற்கென்று ஒரு காற்றைப் படைக்கச் சொன்னால் இதைவிட நல்லதாகப் படைப்பது கஷ்டம். ஆனால் அந்தக் காற்றில் இருநூறு மீட்டர் ஓடுவதற்குள் ஒரு பைக் பக்கத்தில் வந்து நிற்கும். “என்னாச்சு கண்ணு, வண்டி பஞ்சரா? ஏறு, இறக்கி விட்டுடறேன்.” வேண்டாம் என்றால் கோபம் என்று எடுத்துக்கொள்வார்கள். ஏறினால் உடற்பயிற்சி முடிந்தது. மறுத்துவிட்டு ஓடினால், நாம் வீடு போய்ச் சேரும் முன் செய்தி சேர்ந்திருக்கும்: கடன்காரன் துரத்துகிறான், அல்லது வீட்டில் சண்டை. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. எல்லாம் அன்புதான். அன்பு இவ்வளவு அடர்த்தியாக இருக்கும் இடத்தில் ஐந்து கிலோமீட்டர் ஓடி முடிப்பது நடக்கிற காரியமில்லை.

இதற்குப் பாஸ்போர்ட்டே தேவையில்லை என்பதற்குப் பெங்களூரு சாட்சி. தருமபுரியிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர். ஓசூரைத் தாண்டி அந்த ஊருக்குள் நுழைந்ததும் நம்மவர் கப்பன் பார்க்கில் அரைக்கால் சட்டையோடு ஓடத் துணிந்துவிடுகிறார். நாடு மாறவில்லை, அவரைத் தெரிந்தவர்கள்தான் இல்லை. லண்டன்காரர்கள் இந்த அலட்சியத்தை ஓர் அமைப்பாகவே நடத்துகிறார்கள். புஷி பூங்காவில் 2004 அக்டோபர் 2 அன்று 13 பேர் ஓடித் தொடங்கியது இன்றைய ‘பார்க்ரன்’. (1965-இல் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி மாவட்டம் பிறந்ததும் ஓர் அக்டோபர் 2தான். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சொல்லாமல் விட மனம் வரவில்லை.) சனிக்கிழமை காலை, 5 கிலோமீட்டர், கட்டணம் கிடையாது. கடைசியாக வருகிறவர் வருந்தக் கூடாதென்று அவருக்கும் பின்னால் நடந்து வர ஒரு தொண்டரை வைத்திருக்கிறார்கள். அவரும் ஏன் இவ்வளவு மெதுவாக என்று கேட்பதில்லை.

தனிமை தாங்காமல்தான் வெளிநாட்டில் ஓடுகிறார்கள், அதைப் போய் ஆனந்தம் என்பதா என்று கேட்கலாம். ஃபௌஜா சிங் விஷயத்தில் அது பாதி உண்மை. ஜலந்தர் பக்கத்துக் கிராமத்து விவசாயி. 1990-களில் மனைவியையும் ஒரு மகனையும் இழந்து, எண்பது வயதுக்கு மேல் லண்டனில் இன்னொரு மகனோடு வாழப் போனவர். துக்கம்தான் அவரை வீதிக்கு இறக்கியது. ஆனால் 2000-இல் 89 வயதில் லண்டன் மாரத்தானும், 2011-இல் நூறு வயதில் டொராண்டோ மாரத்தானும் ஓடவைக்க வெறும் துக்கம் போதாது. ஊரிலேயே இருந்து அந்த வயதில் ஓடியிருந்தால் பேரன்கள் மந்திரித்துக் கயிறு கட்டியிருப்பார்கள். கின்னஸ்காரர்கள் பிறப்புச் சான்றிதழ் கேட்டு, இல்லையென்றதும் சாதனையைப் பதிய மறுத்தார்கள். அரைவாசிப் பேருக்குத் தலைமையாசிரியர் ஜூன் மாதப் பிறந்தநாளை வழங்கிய நம் ஊரில் அவர் வருத்தம் எல்லாருக்கும் புரியும். அவர் 2025 ஜூலையில், 114 வயதில், சொந்தக் கிராமத்துச் சாலையைக் கடக்கும்போது கார் மோதி இறந்தார். சாலைகளைக் காரணம் காட்டுகிறவர்களிடம் நான் தோற்றுப்போகிற இடம் இது. தொப்பூர் கணவாயில் லாரிகள் இறங்குவதைப் பார்த்தவர்கள் அந்த நெடுஞ்சாலை ஓரம் ஓடச் சொல்ல மாட்டார்கள். ஆனால் லாரி வராத ஏரிக்கரைகளிலும் யாரும் ஓடக் காணோமே. அதற்குத்தான் என் காரணம் தேவைப்படுகிறது.

பெண்களை எடுத்துக்கொண்டால் என் கட்சி இன்னும் பலப்படும். ஆண் ஓடினால் எதற்கு என்பார்கள், பெண் ஓடினால் யாரோடு என்பார்கள். தருமபுரிப் பக்கம் இந்தக் கேள்வி வேடிக்கையோடு நின்றுவிடாது என்பதும் தெரிந்ததே. ஆகவே அயலூரில் ஓடும் பெண்ணின் சந்தோஷத்தை நான் கேலி செய்வதாயில்லை. என் வாதத்துக்குச் சரியான அடி வேறு பக்கமிருந்து வருகிறது. வளைகுடாவில் பகலெல்லாம் கம்பி கட்டுகிற, பெங்களூரில் கலவை சுமக்கிற அரூர்க்காரரையும் அங்கே யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அவர் ஓடுகிறாரா? இல்லை, படுக்கிறார். மற்றவர்களின் அலட்சியம் மட்டும் போதாது, நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதித்த கால்களும் வேண்டும். இதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீரைத் தலைமுறைகளாகக் குடித்து மூட்டு இறுகிப்போனவர்கள் இருக்கும் மாவட்டம் இது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே 2013-இல்தான். அந்த மூட்டுகளிடம் போய் ஓட்டத்தின் இன்பம் பற்றி உபதேசம் செய்வது அநாகரிகம்.

வெளிநாட்டில் ஓடிப் பழகி ஊர் திரும்புகிறவர் என்னதான் செய்வது? காவலர் தேர்வு என்று சொன்னால் தொப்பை நம்பவிடாது. ஒரே வழி, சர்க்கரை என்று சொல்லிவிடுவது. “டாக்டர் ஓடச் சொல்லியிருக்கார்” என்றால் மொத்த ஊரும் வழிவிடும். சந்தோஷத்துக்காக ஓடுவது பைத்தியம், வியாதிக்காக ஓடுவது பொறுப்பு. 2023-இல் அரசாங்கமே மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை ஒதுக்கி ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்றது; அப்போதைய சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியன் நூற்றுக்கு மேல் அரை மாரத்தான் ஓடியவர், ஆனாலும் மக்களை நடக்கத்தான் அழைத்தார். மனிதருக்கு நம் ஊர் தெரிந்திருக்கிறது. ஏனென்றால் சர்க்கரை என்று சொன்ன மறுநாளே நாலு பேர் கூட வருவார்கள். ஒருவர் பாகற்காய்ச் சாறு பற்றி, ஒருவர் ஆவாரம்பூ பற்றி, ஒருவர் மைத்துனருக்கு எடுத்த விரல் பற்றி விளக்குவார். ஓடிக்கொண்டே பதில் சொல்ல முடியாது. வயதில் பெரியவர்கள், விட்டுவிட்டு முன்னால் ஓடவும் முடியாது.