எல்லை தாண்டும் தயிர்

ஆஹனில் படிக்கும் நம் தம்பிக்கு வாரத்தில் ஐந்து நாள் இயந்திரப் பொறியியல். மிச்சம் இரண்டு நாள் ஜெர்மனி.

சேலத்திலிருந்து விமானம் ஏறியபோதே அந்த இரண்டு நாளுக்கும் திட்டம் போட்டு வைத்திருந்தார். சனிக்கிழமை பாரிஸ், ஞாயிற்றுக்கிழமை ஆம்ஸ்டர்டாம். ஆஹன் ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் என்று மூன்று நாடுகள் சந்திக்கும் மூலையில் இருக்கிறது. வரைபடத்தில் எல்லாம் ஒரு சாண் தூரம்தான். ஆனால் மாணவர் விசாவுக்காக வங்கியில் முடக்கி வைத்த பணம் மாதம் 992 யூரோ வீதம்தான் வெளியே வரும். அறை வாடகையும் மருத்துவக் காப்பீடும் போக மிஞ்சுவதில் பாரிஸ் அடங்காது. ஆகவே, "உள்ளூரை முதலில் ரசிப்போம்" என்று தம்பி முடிவெடுத்தார். கொள்கைகள் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கின்றன.

உள்ளூர் ஒன்றும் இளைத்ததல்ல. மன்னர் சார்லமேன் தன் தலைநகர் போல வைத்திருந்த ஊர். அவர் கட்டிய தேவாலயம் 1978ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. ஜெர்மனியிலிருந்து அதில் இடம்பிடித்த முதல் சின்னம் அதுதான். நகர நடுவில் கந்தக வெந்நீர் ஊற்று ஒன்று, ஐம்பது டிகிரிச் சூட்டில் குழாய் வழியாகக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. தம்பி முதல் சனிக்கிழமை அங்கே நின்று அம்மாவுக்கு வீடியோ கால் போட்டார்.

"ரோமானியர் குளிச்ச தண்ணிம்மா இது!"

"அழுகின முட்டை நாத்தம் அடிக்கும்னு உங்க அத்தை சொன்னாளே, அடிக்குதா?"

அடித்தது. அத்தை ஜெர்மனிக்கு வந்தவரில்லை, யூடியூப் பார்ப்பவர்.

சனிக்கிழமை இப்படிக் கழிந்துவிடும். பிரச்சினை ஞாயிறு. முதல் ஞாயிறு காலை பதினொரு மணிக்கு எழுந்து, பால் வாங்கப் பையோடு இறங்கினார். சூப்பர்மார்க்கெட் பூட்டிக் கிடந்தது. அடுத்ததும் பூட்டு. ஏதோ தலைவர் தவறிவிட்டார் என்றே தம்பி நினைத்தார். நம் ஊரில் கடைகள் மொத்தமாகச் சாத்தியிருந்தால் வேறென்ன நினைப்பது? பிறகுதான் தெரிந்தது, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்பது இங்கே அரசியலமைப்பு விவகாரம். 1919ன் வைமர் அரசியலமைப்பில் 139ஆம் பிரிவாக இருந்ததை 1949ன் அடிப்படைச் சட்டத்தில் அப்படியே சேர்த்துக்கொண்டார்கள். ரயில் நிலையக் கடை, சில மணி நேரம் பேக்கரி, கெபாப் கடை, அவ்வளவுதான் திறந்திருக்கும். ஞாயிறென்றால் கறிக்கடை வரிசையில் நின்று வளர்ந்த பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய பண்பாட்டு அதிர்ச்சி!

ஓய்வு என்றால் கடைக்கு மட்டுமல்ல, காதுக்கும்தான். ஞாயிறன்று துளை போடக் கூடாது, காலி கண்ணாடி பாட்டிலைக் குப்பைத் தொட்டியில் போட்டுச் சத்தம் எழுப்பக் கூடாது. தம்பி பெட்டியில் துணிகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்த 750 வாட் மிக்சியை ஞாயிறு காலை ஓடவிட்டபோது, கீழ்வீட்டுப் பாட்டி மேலே வந்து கதவைத் தட்டினார். திட்டவில்லை. கைக்கடிகாரத்தைக் காட்டவில்லை. "இன்று ஞாயிறு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து மாவு சனிக்கிழமை இரவு பத்து மணிக்குள் அரைபடுகிறது. ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு, ராத்திரி முழுக்கப் புளிக்கிறது. இரண்டாம் ஆண்டில், புதிதாக வந்த மதுரைப் பையன் ஞாயிறு காலை சட்னி அரைக்கப் போக, "இன்னைக்கு ஞாயிறு தம்பி" என்று கண்டித்தவர் நம் தம்பியேதான். பாட்டியின் அதே குரல்.

இட்லி தயார். தயிர்?

இங்கேதான் பூகோளம் கைகொடுத்தது. பஸ்ஸில் ஏறினால் அரை மணிக்குள் ஃபால்ஸ் வந்துவிடும். அது நெதர்லாந்து. 2013 முதல் அங்கே ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதை அந்தந்த நகராட்சியே முடிவு செய்துகொள்ளலாம். ஃபால்ஸ்காரர்கள் பக்கத்து ஊர்க்காரன் பூட்டியிருக்கும்போது நாம் ஏன் திறக்கக் கூடாது என்று யோசித்திருப்பார்கள் போல. கடை வாசலில் நிற்கும் கார்களில் பல 'ஏசி' கார்கள். குளிர்சாதனம் இல்லை, ஆஹனின் பதிவெழுத்து. உள்ளூர் வாழ்க்கையைத் தேவாலயத்திலும் ஊற்றிலும் தேடிய தம்பிக்கு அது கிடைத்த இடம் இந்த டச்சு சூப்பர்மார்க்கெட் வரிசைதான். முன்னால் நின்ற ஜெர்மானியரின் கூடையிலும் பால்தான் இருந்தது.

தயிரென்று நினைத்து ஒருமுறை குவார்க் டப்பாவை வாங்கிச் சோற்றில் பிசைந்து, அது பாலாடைக் கட்டியின் ஒன்றுவிட்ட தம்பி என்று கண்டுபிடித்த சோகக் கதையும் உண்டு. அதை அவர் யாரிடமும் சொல்வதில்லை.

2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லாத் தரை எல்லைகளிலும் சோதனை வைத்திருக்கிறது. ஆகவே அரை லிட்டர் தயிருக்குப் போகிறவர் சட்டைப்பையில் பாஸ்போர்ட், தங்கும் உரிமை அட்டை, துணிப்பை மூன்றும் இருக்க வேண்டும். "தயிருக்குப் பாஸ்போர்ட்டா?" என்று அம்மா இன்னமும் நம்பவில்லை.

வெயில் அடித்தால் தம்பி ஃபால்ஸிலிருந்து மூன்று நாட்டு எல்லை முனைக்கு நடந்தே ஏறுவார். 322 மீட்டர். ஐரோப்பிய மண்ணில் நெதர்லாந்தின் மிக உயரமான இடம் என்று டச்சுக்காரர்கள் பெருமையாகப் படமெடுத்துக்கொள்கிறார்கள். இருபது கொண்டை ஊசி வளைவில் ஏற்காடு ஏறிய சேலத்துக்காரர் மரியாதைக்காகக் கொஞ்சம் மூச்சு வாங்குவதுபோல நடிப்பார். ஒரு காலத்தில் இங்கே நான்காவதாக மொரெஸ்னெட் என்றொரு குட்டி நடுநிலைப் பகுதியும் எல்லையாக இருந்தது. 1920ல் பெல்ஜியத்தோடு சேர்ந்துவிட்டது. ஒரு கால் பெல்ஜியத்தில், ஒரு கால் நெதர்லாந்தில், கையில் தயிர்ப் பை ஜெர்மனியில் என்று எடுத்த படத்துக்குத்தான் குடும்பக் குழுவில் அதிகமாக இதயம் விழுந்தது.

ஜூன் மாதம் வந்தால் திட்டம் மாறும். ஒரே ரயிலில் ஹம் நகரம் வரை போய், அங்கிருந்து ஈழத்தமிழர்கள் எழுப்பி 2002ல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு. அங்கே வரிசையில் நின்றால் சாம்பார் வாசம் வரும், யாழ்ப்பாணத் தமிழில் யாராவது "எந்த ஊர் தம்பி?" என்பார்கள். அன்று மட்டும் தயிர் எல்லை தாண்டாது.

மற்ற ஞாயிறுகளில் தாண்டுகிறது. கூடவே பாட்டிலும் வந்துவிடுகிறது. காலியாகத் திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும் வைப்புத்தொகை, ஒருமுறை பயன்படுத்தும் ஜெர்மன் பாட்டிலுக்கு 25 சென்ட், டச்சுச் சின்ன பாட்டிலுக்கு 15. ஆஹன் கடை இயந்திரம் டச்சு பாட்டிலை வாங்காது. உள்ளே இழுத்து, யோசித்து, திருப்பித் துப்பிவிடும். தம்பியின் கட்டிலுக்கடியில் இப்போது அப்படிப் பதினொரு பாட்டில் இருக்கிறது. மொத்தம் 1.65 யூரோ. அதை வாங்கவாவது வரும் ஞாயிறு ஃபால்ஸ் போக வேண்டும்.