‘மூன்று வேலை நாள்’ என்னும் தொடர்: விசாவியல் நோக்கில் ஓர் ஆய்வு

வியட்நாமுக்கு மின்விசா கேட்டு விண்ணப்பித்தால் மூன்று வேலை நாளில் முடிவு தெரியும் என்பது அந்நாட்டு அறிவிப்பு. இத்தொடரில் இருப்பவை மூன்றே சொற்கள். மூன்றுக்கும் பொருள் தெரியும் என்று ஏப்ரல் 29 வரை நம்பியிருந்தேன்.

ஆய்வெல்லை: மேற்கு மாம்பலத்தில் ஊஞ்சல் தொங்கும் ஒரு கூடம், ஹனோய் நகரில் நான் பார்த்தறியாத ஓர் அலுவலகம், இரண்டுக்கும் இடையே ஒன்றரை மணி நேரம். முன்னாய்வுகள்: இல்லை. இருந்தாலும் இல்லை என்று எழுதுவதே மரபு.

முதற்சொல்லை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவுக்கு விசா இல்லாமல் போகும் உரிமை பெற்ற நாட்டவர்கூட எஸ்டா என்னும் மின்னனுமதியைக் குறைந்தது 72 மணி நேரம் முன்னதாகக் கேட்டுவிடுவது நல்லது என்கிறார்கள். எழுபத்திரண்டை இருபத்து நான்கால் வகுக்க, மூன்று. சிங்கப்பூரின் வருகை அட்டை, மலேசியாவின் வருகை அட்டை, 2025 மே 1 முதல் தாய்லாந்து கட்டாயமாக்கிய வருகை அட்டை, இம்மூன்றையும் போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். ஆர்வத்தில் மூன்று வாரம் முன்பே போய் நின்றால் அப்புறம் வா என்கிறது. ஆக, விசாவில் பிந்தினால் குற்றம். அட்டையில் முந்தினால் குற்றம். (அட்டை வேறு, விசா வேறு. இரண்டையும் ஒன்றெனக் கொள்வோர் உளர், அத்தை அக்கட்சி.) முத்தமிழ், முக்கனி, மூவேந்தர், முக்காலம் என்று மூன்றிலேயே வாழ்ந்த இனம் நாம். எனவே உலகக் குடிவரவுத் துறைகள் யாவும் குமரிக்கண்டத்திலிருந்து பிரிந்து சென்றவை என்று இரண்டே பக்கத்தில் நிறுவிவிடலாம். இதைவிட மெலிந்த சான்றுக்கு முனைவர் பட்டம் வாங்கிய ஒருவருக்கு நானே சால்வை போர்த்தியிருக்கிறேன். (இந்தியா தன் 30 நாள் சுற்றுலா மின்விசாவுக்கு வருகைக்கு நான்கு நாள் முன்னதாவது விண்ணப்பிக்கச் சொல்கிறது. நம் கோட்பாட்டுக்கு ஒத்துவராத தரவு, ஆகவே அடைப்புக்குறிக்குள்.)

அடுத்தது ‘வேலை’. ஆய்வின் உயிர்நிலை இதுதான். குடும்பம் உடைந்ததும் இங்கேதான்.

“கம்ப்யூட்டருக்கு ஏதுடா ஞாயித்துக்கெழமை? மின்விசான்னா மிஷினே போட்டு மிஷினே குடுத்துடும். மூணு நாள்னா மூணு நாள்தான்” (மாமா, ஊஞ்சல் பேருரை, மூன்றாம் ஆட்டம்). மாமா ஓய்வு பெற்று ஒன்பது ஆண்டு ஆகிறது. வேலை நாள், வேலையற்ற நாள் என்ற பாகுபாடு அவருடைய இலக்கணத்தில் வழக்கொழிந்துவிட்டது. இதற்கு உடனடி எதிர்வினை எழுந்தது (அத்தை, அடுக்களை மறுப்புரை, கடுகு வெடித்த ஓசையில் முதல் இரண்டு வாக்கியங்கள் சிதைவு, எஞ்சிய பகுதி: “...நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், போன தடவ மாதிரி”). இதைப் புகழ்ச்சியாகக் கொள்வதா, வஞ்சப் புகழ்ச்சியாகக் கொள்வதா என்பதில் மாமாவுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு உண்டு.

மூன்றாவது சான்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நள்ளிரவில் வந்தது. ‘வியட்நாம் விசா 24 மணி நேரத்தில், அனைவருக்கும் பகிரவும்’ என்பது அதன் வாசகம். பலமுறை பகிரப்பட்ட முத்திரையோடு வந்த இச்சுவடிக்கு மூலப்பிரதி கிடைக்கவில்லை. பாடபேதங்கள் மூன்று. ஒன்றில் ‘24’ என்பது ‘2 முதல் 4’ என்றுள்ளது. இரண்டாவதில் வியட்நாமுக்குப் பதில் அஜர்பைஜான். மூன்றாவதில் ரோஜாப்பூவும் காலை வணக்கமும் காண்கின்றன. பூவை இடைச்செருகல் என்று சித்தி கருதுகிறார். அதுவே மூலம், விசாச் செய்திதான் இடைச்செருகல் என்பது என் துணிபு (விரிவுக்குக் காண்க: நாள்காட்டித் தாளின் பின்புறம், பால் கணக்குக்குக் கீழே, பென்சில், பாதி அழிந்தது).

உண்மையில் மின்சாரம் ஓடுவது விண்ணப்பம் வாங்கும் ஜன்னலில் மட்டும்தான். ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவருக்குச் சனி, ஞாயிறு உண்டு. டெட் என்னும் சந்திரப் புத்தாண்டுக்கு அந்த நாடு பல நாள் பூட்டிக் கிடக்கும். மூன்றாம் சந்திர மாதம் பத்தாம் நாள் ஹுங் மன்னர்கள் நினைவு நாள். செப்டம்பர் 2 தேசிய நாள். 1975-இல் போர் முடிந்த ஏப்ரல் 30 விடுமுறை. மறுநாள் மே 1, அதுவும் விடுமுறை. நம் பள்ளிகளில் கோடை விடுமுறை விட்டுக் குடும்பங்கள் பெட்டி கட்டும் வாரத்தில்தான் ஹனோய் அலுவலகமும் பெட்டி கட்டுகிறது.

நம் பக்கத்து நாள்களையும் விடக் கூடாது. செவ்வாய்க்கிழமை விண்ணப்பிக்கலாம் என்றேன், மாமாவுக்குச் சந்திராஷ்டமம். முந்தைய வெள்ளியன்று ஒழிந்திருந்தது காலை பத்தரை மணி, ராகு காலம். பத்தரை முதல் பன்னிரண்டு வரை என்பது ஹனோய் கணக்கில் பன்னிரண்டு முதல் ஒன்றரை. அங்கே மதியச் சாப்பாட்டு வேளை. ஆக, வெள்ளிக்கிழமைகளில் ராகு எங்கே போகிறார் என்ற நெடுநாள் ஐயத்துக்கு முதன்முறையாக இங்கே விடை கிடைக்கிறது. இக்கண்டுபிடிப்பின் உரிமை என்னுடையது.

மூன்றாவது சொல் ‘நாள்’. ‘முந்நீர்’ என்ற ஒரு சொல்லுக்கு ஆற்றுநீர், ஊற்றுநீர், மழைநீர் என்று ஓர் உரை. படைத்தல், காத்தல், அழித்தல் என்னும் முத்தன்மை என்று மற்றோர் உரை. இந்த முறையை விசாவுக்கும் நீட்டலாம். முதல்நாள் ஊற்று: விண்ணப்பம் எங்கோ அடியில் கிடக்கும். இரண்டாம் நாள் ஆறு: மேசை விட்டு மேசை ஓடும். மூன்றாம் நாள் மழை: பெய்தால் உண்டு. ஐந்திணையும் இதில் அடங்கும். கட்டணமாகக் கட்டிய 25 டாலரைப் பிரிதல் பாலை, அது நிராகரித்தாலும் திரும்பாது. விண்ணப்பித்துவிட்டு இருத்தல் முல்லை. மாமாவும் அத்தையும் மருதம். மற்றவை வெளிப்படை.

பெயர்: இன்ஷியலை விரிப்பதா சுருக்குவதா என்பது தனி நூல், பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதுக.

புகைப்படம்: கண்ணாடியைக் கழற்றுக.

இவ்வளவு தெரிந்தும் பிப்ரவரியில் டிக்கெட் வாங்கிய குடும்பம் ஏப்ரல் கடைசி வரை ஏன் விண்ணப்பிக்கவில்லை என்பது நேர்மையான கேள்வி. “ரொம்ப முன்னாடி வாங்கினா காலாவதி ஆயிடும்டா” என்பது மாமாவின் பதில் (மேற்படி பேருரை, ஊஞ்சல் நின்ற பின் சேர்க்கப்பட்ட பகுதி). விசாவை அவர் இட்லி மாவு என்று எண்ணியிருக்கிறார். முன்கூட்டி அரைத்தால் புளித்துவிடும். ஆனால் 2023 ஆகஸ்ட் 15 முதல் வியட்நாம் மின்விசா 90 நாள் வரை செல்லும். அந்த நாள்கள் எந்தத் தேதியில் தொடங்க வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே நாம்தான் குறிக்கிறோம். ஒரு மாதம் முன்பே வாங்கி வைத்தாலும் ஒரு நாள்கூடக் குறையாது. இது விண்ணப்பப் படிவத்தில் இருக்கிறது. ஆறாவது பக்கம் அடிக்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த நான் படிவத்தைப் படித்தது பிறகுதான்.

களஆய்வு. ஏப்ரல் 29, புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு நால்வருக்கும் விண்ணப்பித்தேன். ஹனோயில் அப்போது ஐந்தரை. வியாழன், ஏப்ரல் 30. வெள்ளி, மே 1. பிறகு சனி, ஞாயிறு. முதல் வேலை நாள் திங்கள், மே 4. விமானம் செவ்வாய் இரவு, மே 5. விசாக்கள் புதன், மே 6 காலை பதினொன்றரைக்கு வந்து சேர்ந்தன. சரியாக மூன்றாம் வேலை நாள், அவர்கள் சொன்ன சொல் தவறவில்லை. அன்று ஊஞ்சல் ஆடவில்லை.

கோடையில் வியட்நாம் போக எண்ணும் வாசகர்கள் ஏப்ரல் தொடக்கத்திலேயே விண்ணப்பித்துவிடும்படி வேண்டுகிறேன். மேலும், ஆகஸ்ட் 3 வரை செல்லும் விசாக்கள் நான்கு எங்களிடம் இருக்கின்றன. மலிவான டிக்கெட் எங்காவது கண்ணில் பட்டால் அன்பர்கள் தெரிவிக்கவும், மாமாவுக்கு வேண்டாம், எனக்கு.