கேள்வி - பதில்: திருமலை நாயக்கரின் பேரன்

கே: பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருநகரிலிருந்து பஸ் ஏறி மகாலுக்குப் போயிருந்தேன். "இவ்வளவுதானா?" என்கிறான் சின்னவன். அவனுக்கு என்ன சொல்வது?
- வாசகி, திருநகர்

ப: "நீ பார்த்தது நாலில் ஒரு பங்குதான்" என்று சொல்லுங்கள். 1636இல் திருமலை நாயக்கர் கட்டியதில் பெரும்பகுதியை எதிரி யாரும் இடிக்கவில்லை. அவருடைய பேரன் சொக்கநாத நாயக்கரே இடித்தார். மிஞ்சியதையாவது நாம் பார்க்கிறோம் என்றால், 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு செய்வித்த பழுதுபார்ப்பு அதற்கு முக்கியக் காரணம். அடுத்த முறை போகும்போது பக்கத்திலுள்ள பத்துத் தூணையும் காட்டிவிடுங்கள். அதுவும் மகாலின் மிச்சம் என்றே ஊரில் சொல்கிறார்கள்.

கே: தாத்தா கட்டியதை இடிக்க அப்படி என்ன கோபம்?
- வாசகர், பசுமலை

ப: கோபமில்லை. 1660களில் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றினார். அங்கே மலைக்கோட்டை இருந்தது. வடக்கேயிருந்து படைகள் வந்துகொண்டே இருந்தன. அங்கே புது அரண்மனை வேண்டும் என்று இங்கே இருந்ததைப் பிரித்தார். திருச்சிக்குப் போனதை ஒப்புக்கொள்ளலாம். மகாலில் கை வைத்ததை மதுரைக்காரனாக என்னால் மன்னிக்க முடியவில்லை.

கே: சொக்கநாதர் கோழையா?
- கல்லூரி மாணவர், திருப்பரங்குன்றம்

ப: இல்லவே இல்லை. 1659இல் இள வயதில் பட்டத்துக்கு வந்தார். பிரதானி, ராயசம், தளவாய் என்ற பெரிய அதிகாரிகள் மூவரும் கைகோத்து அவரைத் தள்ளிவிட்டுத் தம்பியை உட்காரவைக்கச் சதி செய்தார்கள். அதைக் கண்டுபிடித்து முறியடித்தார். தப்பியோடிய தளவாய் லிங்கம நாயக்கர், சிவாஜியின் தந்தை ஷாஜியோடு சேர்ந்து திருச்சியை முற்றுகையிட்டபோது, தானே படை நடத்திப் போய் விரட்டினார். இது கோழை செய்கிற வேலையா?

அவருடைய பலவீனம் ஆட்களை எடைபோடுவதில் இருந்தது. தஞ்சாவூரைப் பாருங்கள். விஜயராகவ நாயக்கர் பெண் கொடுக்க மறுத்தார் என்று 1673இல் படையெடுத்தார். கிழவர் விஜயராகவர் போர்க்களத்தில் விழுந்தார். அந்தப்புரப் பெண்கள் வெடிமருந்துக்கு இரையானார்கள். இத்தனை ரத்தம் சிந்திப் பிடித்த நாட்டை, கூடவே வளர்ந்த அழகிரி நாயக்கரை நம்பி ஒப்படைத்தார். கொஞ்ச நாளில் அழகிரி கப்பம் கட்டுவதை நிறுத்திவிட்டார். சொக்கநாதரும் அழகிரியும் முறைத்துக்கொண்டிருந்த நேரத்தில், தஞ்சை வாரிசு செங்கமலதாஸை முன்னிறுத்தியவர்கள் பீஜப்பூர் சுல்தானிடம் உதவி கேட்டார்கள். வந்த மராத்தியப் படைத்தலைவர் ஏகோஜி, செங்கமலதாஸை உட்காரவைத்தார். பிறகு அந்த இடத்தில் தானே உட்கார்ந்துகொண்டார். 1855 வரை தஞ்சை மராத்தியர் கையில் இருந்தது இப்படித்தான் தொடங்கியது. பெண் கேட்டுப் போன சண்டையில் காவிரிக் கழனியே கைமாறிப்போனது.

கே: மந்திரிகளே ராஜாவைக் காவலில் வைத்தார்களாமே?
- வாசகர், விளாச்சேரி

ப: ஆமாம், 1678 வாக்கில். ஆளத் தகுதியில்லை என்று இறக்கிவிட்டுத் தம்பி முத்துலிங்க நாயக்கரை ஏற்றினார்கள். குதிரைப்படைத் தலைவன் ருஸ்தம்கான் தம்பியையும் விரட்டிவிட்டு, பெயருக்கு ராஜாவென்று சொக்கநாதரை வைத்துக்கொண்டு தானே ஆண்டான். சுமார் இரண்டு வருஷம் சொந்தக் கோட்டையில் ராஜா கைதி. ராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதி வந்து ருஸ்தம்கானை ஒழித்த பிறகுதான் விடுதலை.

கே: ஸ்பெயினிலும் இப்படி ஒரு ராஜா உண்டென்று படித்தேன்.
- ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநகர்

ப: காஸ்டில் நாட்டு நான்காம் என்ரிக்கே, ஐயா, ஆண்டது 1454 முதல் 1474 வரை. 1465இல் பிரபுக்கள் அவிலா நகரின் மதிலுக்கு வெளியே மேடை போட்டு, ராஜாவைப் போல ஒரு பொம்மையை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். தொலேதோ பேராயர் அதன் கிரீடத்தைக் கழற்றினார். மற்றவர்கள் வாளையும் செங்கோலையும் பறித்துப் பொம்மையைக் கீழே தள்ளி, பதினோரு வயது அல்ஃபோன்சோவுக்கு முடிசூட்டினார்கள். நம் ஊரைப் போலவே அங்கேயும் தம்பிதான் கருவி.

என்ரிக்கேவுக்கு ஆண்மையில்லை, மகள் ஹுவானா அவருக்குப் பிறந்தவளே அல்ல என்றும் பேச்சைப் பரப்பினார்கள். அதை நான் நம்பத் தயாராக இல்லை. பரப்பியவர்களுக்கு அதில் நேரடி லாபம் இருந்தது. ராஜாவே தன் கையெழுத்தால் மகளை ஒதுக்கித் தங்கை இசபெல்லாவை வாரிசாக ஏற்றார், பிறகு அதை மாற்றினார். அவர் இறந்ததும் ஐந்து வருஷம் வாரிசுப் போர். பாவம், அந்தப் பெண் ஹுவானா. ஒரு குற்றமும் செய்யாமல் ஆயுள் முழுக்க அவமானம் சுமந்தாள்.

கே: ராஜா கதையெல்லாம் சரி, குடியானவன் கதை?
- விவசாயி, நிலையூர்

ப: நீங்கள்தான் கேட்கவேண்டியதைக் கேட்டீர்கள். அன்றைய இயேசு சபைப் பாதிரிமார்களின் கடிதங்களைப் படித்தால் நெஞ்சு அடைக்கிறது. படைகள் போன வழியெல்லாம் வயல் எரிந்தது, பஞ்சம் வந்தது, ஊர்கள் காலியாயின. 1660ஐ ஒட்டிய பஞ்சத்தில் சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்கள் பசித்த ஜனங்களை அடிமைகளாக வாங்கி இலங்கைக்கும் படேவியாவுக்கும் கப்பலேற்றினார்கள். அந்தப் பஞ்சம் முழுவதையும் சொக்கநாதர் தலையில் கட்டுவது நியாயமாகாது. ஆனால் கஜானாவைத் தஞ்சைச் சண்டையில் கரைத்தது அவர்தான். அவருடைய தோல்விகளில் என்னை உறுத்துவது போன கோட்டைகள் இல்லை; கப்பலேறிய பெயர் தெரியாத அந்தத் தமிழர்கள்தான்.

கே: ராணி மங்கம்மாள் இவருடைய மனைவிதானே?
- வாசகி, ஹார்விபட்டி

ப: ஆமாம். 1682இல் அவர் மனமுடைந்து இறந்தபோது கையில் மிஞ்சியிருந்த நாடு கொஞ்சம்தான். மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பர் 1689இல் அம்மை கண்டு போனதும், கைக்குழந்தைப் பேரனுக்காக மங்கம்மாள் ஆட்சியை எடுத்து நடத்தினார். சாலை, சத்திரம், குளம் என்று ஜனங்களுக்கு வேண்டியதைச் செய்தார். திருச்சியில் சொக்கநாதர் கட்டிய தர்பார் மண்டபத்தைக்கூட இன்று ஊர் மங்கம்மாள் மகால் என்றுதான் சொல்கிறது.

கே: அந்தப் பேரனாவது தேறினாரா?
- அதே வாசகி

ப: விஜயரங்க சொக்கநாதர் பக்திமான், கோயில்களுக்கு வாரி வழங்கியவர். ஆட்சியில் தாத்தாவைப் போலத்தான். 1732இல் பிள்ளையில்லாமல் இறந்தார். வாரிசுச் சண்டையில் அவருடைய மனைவி ராணி மீனாட்சி, ஆற்காட்டிலிருந்து வந்த சந்தா சாகிபை நம்பி ஏமாந்தார். 1730கள் முடிவதற்குள் நாயக்கர் ஆட்சியே முடிந்துவிட்டது.