இல்லாததை அழையாமை: ஒரு சிற்றாய்வு

இயங்குதளத்தின் புதிய பதிப்பில் மட்டும் உள்ள ஒரு ஃபங்ஷனை, அதாவது பெயர் சொல்லி அழைத்தால் ஒரு வேலையை முடித்துத் தரும் நிரல் துண்டை, பழைய பதிப்பிலும் ஓட வேண்டிய நிரல் எவ்வாறு அழைக்கத்தகும் என்பதே இவ்வாய்வின் பொருள். எடுத்துக்காட்டாக, கணினி தொடங்கியது முதல் கழிந்த மில்லிவிநாடிகளை 32 பிட்டில் எண்ணும் விண்டோஸ் ஃபங்ஷனாகிய கெட்டிக்கவுண்ட், 49.7 நாளில் நிறைந்து மீண்டும் பூஜ்யத்துக்கு வந்துவிடும். இக்குறை நீக்கிய கெட்டிக்கவுண்ட்64 விண்டோஸ் விஸ்டாவில்தான் பிறந்தது. இப்பெயரை நேரடியாக எழுதிக் கம்பைல் செய்த நிரலை அதற்கு முந்தைய எக்ஸ்பியில் திறந்தால், அவ்வரி ஓடும் வாய்ப்பே இல்லையாயினும், கெர்னல்32.டிஎல்எல் என்னும் நூலகக் கோப்பில் அப்பெயரைக் காணவில்லை என்றொரு பெட்டி தோன்றி, நிரல் தன் முதல் வரிக்கே வராது மடியும். சித்தப்பா ஒருவர் வரவில்லை என்பதற்காகக் கல்யாணத்தையே நிறுத்துவது போன்றது இது.

ஆகவே, ஓடும்போதே பெயரைக் கொடுத்து முகவரியைக் கேட்டறியும் வழக்கம் ஏற்பட்டது. விண்டோஸ் மரபில் இப்பணியைக் கெட்பிராக்அட்ரஸ் செய்கிறது; பெயர் கிடைத்தால் முகவரி தரும், கிடைக்காவிடில் பூஜ்யம் தரும். இதில் உரையாசிரியர்க்கு வேலையில்லை.

அதே பணியைச் செய்யும் யூனிக்ஸ் மரபின் டிஎல்சிம்மோ தத்துவச் செறிவுடையது. ஒரு பெயரின் உண்மையான மதிப்பே பூஜ்யமாக இருத்தலும் கூடுமாதலால், பூஜ்யம் வந்த மாத்திரத்தில் பெயர் இல்லை என்று முடிவு கட்டலாகாது என்பது அம்மரபினர் கொள்கை. எனவே முதலில் டிஎல்எரரை அழைத்துப் பழைய பிழைச் செய்தியைத் துடைத்து, பின்னர் டிஎல்சிம்மை வினவி, மீண்டும் டிஎல்எரரை அழைத்து, இப்போது பிழை ஏதும் உண்டா எனக் கேட்டல் வேண்டும். ஃபங்ஷனின் முகவரி பூஜ்யமாக இருந்ததை நடைமுறையில் கண்டார் அரியர் எனினும், ஆசாரம் ஆசாரமே. இவ்வாறு பெற்ற முகவரி தரவுக்கான பாயின்டராக, அதாவது முகவரி தாங்கியாக, வருவதால், அதனை ஃபங்ஷனுக்கான பாயின்டராக மாற்றலாமா என்பதில் சி மொழித் தரம் வாய் திறப்பதில்லை. யூனிக்ஸ் மரபினரின் பாசிக்ஸ் தரமே முன்வந்து உறுதி தருகிறது.

ஆப்பிள் மரபினர் கேள்வியையே சுருக்கினர். ஃபங்ஷனை வீக் என்று, அதாவது இல்லாமலும் போகலாம் என்று, முன்கூட்டியே அறிவித்துவிட்டால், நிரலை ஏற்றும் நிரலி அவ்விடத்தைப் பூஜ்யமாக விட்டுவிடும். ஓர் இஃப் போட்டுப் பார்த்தாலே போதும். அறிவிக்க மறந்தாலோ, ஃபங்ஷனின் முகவரி ஒருபோதும் பூஜ்யமாகாது என்பது கம்பைலரின் சித்தாந்தமாதலால், அந்த இஃப் வீண் எனத் துணிந்து அது சோதனையை நீக்கி நேரே அழைத்துவிடும். அதற்குமுன் எச்சரிக்கை ஒன்றும் விடுக்கும். ஏனைய நூறு எச்சரிக்கைகளுக்கு நடுவே அதுவும் மேலே நகர்ந்து மறையும்.