ஆடியில பருப்புக்கு என்ன தள்ளுபடி, மாப்ளே?

என்ன மாப்ளே, சூப்பர் மார்க்கெட்டுல இந்த மாசம் 800 ரூபா மிச்சம் புடிச்சிட்டீங்களாம்ல. பில்லுலயே அச்சடிச்சுக் குடுத்துட்டாங்கன்னு என் மக போன்ல சொன்னா. ரொம்ப சந்தோசம். அந்த 800 எங்க இருக்குன்னு மட்டும் காட்டுங்க, ஒருவாட்டி தொட்டுப் பாத்துக்கிறேன்.

கோவிச்சுக்காதீங்க. மாமனார் கேட்டா குத்தம், கடைக்காரர் சொன்னா கணக்கு, காலம் அப்படி. 4000 ரூபாய உருவிக்கிட்டு, அடியில ‘நீங்கள் சேமித்தது’ன்னு ஒரு வரி போடுறாங்களே, அது எதுலருந்து கழிச்சது? எம்.ஆர்.பி.யிலருந்து. அது அதிகபட்ச விலை மாப்ளே. வரி எல்லாம் சேத்துத்தான் அந்த விலை. அதுக்கு மேல ஒரு காசு வாங்கக் கூடாதுன்னு சட்டம் கிழிச்ச கோடு. கீழ எவ்வளவுக்கு வேணும்னாலும் விக்கலாம். உங்க தெருமுனை அண்ணாச்சி 90 ரூபா போட்ட பாக்கெட்ட 86க்குக் குடுத்துட்டு, ‘நீங்க சேமிச்சிட்டீங்க’ன்னு சொல்லத் தெரியாம கல்லாவுல உக்காந்திருக்காரு. பாவம், பொழைக்கத் தெரியாத மனுசன்.

இப்ப ஆடித் தள்ளுபடிக்கு வருவோம். ஆடியில கல்யாணம் காச்சி கிடையாது, யாரும் புது வீடு குடிபோக மாட்டாங்க, ஜவுளிக்கடையில ஈ ஓட்டுவாங்க. தீவாளிக்குப் புதுச்சரக்கு இறக்கணும்னா பழசத் தள்ளணும். அதனால துணிக்குத் தள்ளுபடி. அதுல ஒரு நியாயம் இருக்கு. துவரம்பருப்புக்கு என்னத்துக்கு மாப்ளே ஆடித் தள்ளுபடி? ஆடி மாசம் மனுசன் சோறு திங்காமயா இருக்கான்? கோயிலுக்குக் கூழு, பதினெட்டாம் பெருக்குக்குக் கலந்த சோறுன்னு அடுப்பு அணையாத மாசம்ல அது! சேலை தேங்குனா மடிப்பு விழும், பருப்பு தேங்குனா வண்டு விழும். ‘ஒண்ணு வாங்குனா ஒண்ணு இலவசம்’னு பாத்தா, முதல்ல ஓசிப் பாக்கெட்டத் திருப்பித் தேதியப் படிங்க. சும்மா வாங்குறப்பவும் முன்வரிசையத் தொடாதீங்க. தேதி முடியப்போறத முன்னால வச்சு, புதுசப் பின்னால அடுக்குறது கடை வழக்கம். கைய உள்ள விட்டு எடுக்குறதுக்கு வெக்கப்படாதீங்க, அதுக்கு ஜிஎஸ்டி கிடையாது.

அப்புறம் அந்தச் சக்கரை விவகாரம். 1999 ரூபாய்க்கு வாங்குனா ஒரு கிலோ சக்கரை ஒரு ரூபாவாம். உங்களுக்குத் தேவைப்பட்டது 1640க்கு. பாக்கி 360க்கு என்ன பண்றதுன்னு புருசனும் பொண்டாட்டியும் நின்னு யோசிச்சு, ரூமுக்கு அடிக்கிற சென்ட்டு ஒண்ணு, உங்க வீட்டுல யாருமே திங்காத சோளப்பொரி ஒரு டப்பா. 45 ரூபா சக்கரைய ஒரு ரூபாய்க்கு வாங்குறதுக்கு 360 ரூபா மொய் எழுதிட்டு வந்திருக்கீங்க. அந்த மொய் திரும்பியும் வராது. அதே சக்கரை ரேசன் கடையில கிலோ 25 ரூபா. துவரம்பருப்பு 30, பாமாயில் 25. கார்ட பீரோவுல பூட்டி வச்சுக்கிட்டு வெளிய தள்ளுபடி தேடுறீங்க. ரேசன் கடையில ஏசி இல்ல, ஒத்துக்கிறேன்.

தள்ளுவண்டி இருக்கே, அது இன்னும் பெரிய கூத்து. பேத்தி காலேஜுல படிச்சுட்டு வந்து சொன்னா. 1937ல அமெரிக்காவுல, ஒக்லஹோமா நகரத்துல, சில்வன் கோல்ட்மேன்னு ஒரு கடைக்காரர். வர்ற சனம் கையில கூடையோட வருது. கூடை கனத்துச்சுன்னா வாங்குறத நிறுத்திட்டுக் கிளம்பிருது. மனுசனுக்குத் தூக்கம் வரல. மடக்கு நாற்காலி ஒண்ணப் பாத்து யோசனை வந்து, அதுக்குச் சக்கரம் வச்சு, கூடைய மாட்டி விட்டாரு. ஒருத்தரும் தொடல. ஆம்பளைங்களுக்குக் கவுரவக் குறைச்சல். பொம்பளைங்க, புள்ளைய வச்சுத் தள்ளுன வண்டியே போதும்னுட்டாங்க. விடுவாரா? சம்பளத்துக்கு ஆள் புடிச்சு, சாமான் வாங்குறாப்புல கடைக்குள்ள வண்டிய உருட்டிக்கிட்டுத் திரிய விட்டாரு. அதப் பாத்து ஊரே உருட்ட ஆரம்பிச்சிருச்சு. நீங்க சம்பளமே வாங்காம உருட்டுறீங்க, நல்ல மனசு.

அதனால வண்டியத் தொடாதீங்க. கல்யாணத்துல தேங்காய் போட்டுக் குடுத்த மஞ்சப்பை வீட்டுல எத்தனை கிடக்கு! 2021 டிசம்பர்ல கவர்மெண்டே ‘மீண்டும் மஞ்சப்பை’ன்னு இயக்கம் ஆரம்பிச்சது. அவங்க பிளாஸ்டிக்க ஒழிக்கச் சொன்னாங்க, நான் உங்க பர்ஸக் காக்கச் சொல்றேன். சீட்டுல எழுதுனது ரெண்டு பைக்குள்ள அடங்கணும். தோள் வலிச்சா வீட்டுக்குக் கிளம்பணும். வயித்துக்குச் சாப்பிட்டுட்டுப் போகணும், புள்ளைகள விட்டுட்டுப் போகணும். பில்லு போடுற இடத்துல, சரியா உங்க மகன் கை எட்டுற உசரத்துல மிட்டாய் அடுக்கி வச்சவன் உங்களவிடக் கெட்டிக்காரன்.

கண்ணாடியப் போட்டுக்கிட்டு இதையும் கேளுங்க. முன்னயெல்லாம் எண்ணெய், டீத்தூள், பிஸ்கட்டுன்னு சில சாமான இன்ன அளவுலதான் பாக்கெட் போடணும்னு விதி இருந்துச்சு. 2021ல சட்டத்தத் திருத்தி அந்த விதிய எடுத்துட்டாங்க. எடுத்ததுக்குப் பதிலா, ஒரு கிராம் என்ன விலை, ஒரு கிலோ என்ன விலைன்னு பாக்கெட்டுலயே போடணும்னு வச்சாங்க. போட்டும் இருக்கான், எறும்பு படிக்கிற எழுத்துல. அந்த எழுத்துதான் மாப்ளே உங்க தள்ளுபடி. ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம். ஒரு பாக்கெட்டு 910 கிராம் 182 ரூபா, பக்கத்துல இன்னொண்ணு 175 ரூபான்னு வச்சுக்கங்க. ஏழு ரூபா லாபம்னு எடுத்துட்டு வந்துருவீங்க. திருப்பிப் பாத்தா அது 850 கிராம். 60 கிராம் எண்ணெய் குறையுது, அதோட விலை 12 ரூபா. ஏழக் குடுத்துப் பன்னெண்டப் புடுங்கிட்டான், நீங்க நன்றி சொல்லிட்டு வந்திருக்கீங்க. ‘ஃபேமிலி பேக்’கும் அப்படித்தான். 200 கிராம் 64 ரூபாயும் 500 கிராம் 170 ரூபாயும் இருந்தா, கிராமுக்கு 32 காசு சின்னதுல, 34 காசு பெருசுல. குடும்பம் பெருசுங்கிறதுக்காக அவன் குடும்பத்தையும் நாமளே காப்பாத்தணுமா?

வரியிலயும் ஒரு கண்ணு வைங்க. 2022 ஜூலையிலருந்து 25 கிலோ வரைக்கும் பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டுன அரிசிக்கு 5 சதம் வரி. சாக்கப் பிரிச்சு நிறுத்துக் குடுத்தா வரி கிடையாது. 25க்கு மேலயும் கிடையாது. நம்ம ஆலைக்காரங்க என்ன பண்ணாங்க? 26 கிலோ மூட்டை போட்டாங்க! டெல்லியில சட்டம் எழுதுறவங்க ஒரு பக்கம், நம்ம அரிசி ஆலைக்காரங்க ஒரு பக்கம். சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்க்கெல்லாம் 2025 செப்டம்பர் 22லருந்து 18 சதம் 5 ஆயிருச்சு. 118 ரூபா சாமான் 105க்கு வரணும். அதுக்கு மேல குறைச்சா கடைக்காரர் தள்ளுபடி, அது வரைக்கும் குறைஞ்சது வரி. ரெண்டையும் ஒரே போர்டுல எழுதி வச்சா மாலை யாருக்குப் போடுறதுன்னு யோசிங்க.

நெசமான தள்ளுபடி எங்க போடுறாங்கன்னு கேட்டீங்கன்னா, காட்டுல. தை மாசம் புது நெல்லு வருது. புது அரிசி குழையும்னு சனம் ஒதுங்கும், விலை எறங்கும். நீங்க அப்ப வாங்கி வைங்க. ஆறு மாசம் போனா உங்க வீட்டுலயே அது பழைய அரிசி, கூடுதல் விலை குடுக்க வேண்டியதில்ல. மாசி பங்குனியில புளி, வத்தல், மஞ்சள் மூணும் ஒண்ணா வந்து குமியும். ராமநாதபுரம் குண்டு மொளகாய்க்கு 2023ல புவிசார் குறியீடே குடுத்துட்டாங்க, நீங்க இன்னும் நூறு கிராம் பொடி டப்பாவுல வாங்குறீங்க.

உங்க அத்தை புளி வைக்கிறதப் பாத்திருக்கீங்களா? கையில ஒட்டுற புதுப்புளிய வாங்கி, ஓடும் நாரும் உருவி, கொட்டையத் தட்டி எடுத்து, மொட்டை மாடியில வெயிலு காட்டுவா. ஜாடியில கொஞ்சம் கல்லுப்பு, ஒரு கை புளி, மறுபடி உப்புன்னு அமுக்கி அமுக்கி வச்சு வாயக் கட்டிருவா. அடுத்த வருசம் புளி வர்ற வரைக்கும் கடைப்பக்கம் திரும்ப வேண்டாம். சென்னையில ஜாடி வைக்க இடமில்லன்னு சொல்வீங்க. ஓடாத டிரெட்மில்லுக்கு இடம் இருக்கு, அதுக்கடியில வைங்க. அதுக்குன்னு அழுகுற சாமானக் குமிச்சிராதீங்க. முருங்கைக்காய் கார்த்திகை மார்கழியில யானை விலை. அப்ப கீரையத் தின்னுட்டுப் போறது. தக்காளி ஏறுற மாசம் புளிய ரெண்டு நெல்லிக்கா அளவு கூடக் கரைச்சாப் போச்சு.

காய்க்கு உழவர் சந்தை இருக்கு. 1999 நவம்பர் 14ல மதுரையிலதான் முதல்ல தொறந்தாங்க. அன்னன்னைக்கு விலைய போர்டுல எழுதிப் போட்டுருவாங்க, விளைவிச்சவனே நிறுத்துக் குடுப்பான். காலையில எந்திரிக்கணும், அது ஒண்ணுதான் கஷ்டம். தக்காளி மூணு ரூபா கம்மின்னு ஊருக்கு அந்தப்பக்கம் பைக்க விரட்டாதீங்க. பெட்ரோல் நூறத் தாண்டிருச்சு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு பழமொழி சும்மாவா சொன்னாங்க?

முடிவாச் சொல்றேன். தேவையில்லாதத பாதி விலைக்கு வாங்குனா பாதி மிச்சமில்ல, மீதிப் பாதி நட்டம். கடைக்காரர் நாள் குறிச்சு விக்கிறாரு, நீங்க பயிரு வர்ற மாசம் பாத்து வாங்குங்க. மாசியில பரமக்குடிப் பக்கம் வத்தல் எறங்குனதும் போன் போடுறேன். வெறுஞ்சாக்கோட வாங்க மாப்ளே, ஆஃபர் ஒண்ணும் கிடையாது, விலை மட்டும் கம்மி.