அஞ்சுக்குக் குறையாது

விஜயபுரத்துக்கு ஒரு பார்சல் வர வேண்டுமானால், எந்த விஜயபுரம் என்பது முதலில் பார்சலுக்குத் தெரிய வேண்டும். திருவாரூரில் ஒரு விஜயபுரம் இருக்கிறது. பிஜாப்பூர் 2014-இல் விஜயபுரா ஆனது. போதாக்குறைக்கு 2024-இல் அந்தமானின் போர்ட் பிளேருக்கும் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டிவிட்டார்கள். நம் ஆசாமி இருப்பது இவற்றில் எதிலும் இல்லை. நகரிக்குப் பக்கத்தில், வீட்டுக்குள் தமிழும் வாசலில் தெலுங்கும் பேசுகிற ஆந்திர விஜயபுரத்தில் இருக்கிறார். 2022 ஏப்ரலில் சித்தூரிலிருந்து பிரித்துத் திருப்பதி மாவட்டத்தை உண்டாக்கியதிலிருந்து, விலாசத்தில் எந்த மாவட்டத்தை எழுதினாலும் கூரியர்காரருக்கு ஒரு சந்தேகம் மிச்சமிருக்கிறது.

இப்படிப்பட்ட விலாசத்துக்குச் சீனாவிலிருந்து சர்க்யூட் போர்டு வரவழைக்கிறார் ஆசாமி. (ஆசாமி யார் என்று அவர் மனைவியிடம் கேட்டால், இந்தக் கட்டுரையை எழுதுகிறவரைக் கைகாட்டுவார்.)

ஆரம்பம் என்னவோ சாதாரணமானதுதான். கேசட் காலத்தில் தமிழ்நாட்டிலும் அதை ஒட்டிய ஊர்களிலும் சலூன், டீக்கடை, டிராக்டர், டிரெக்கர் எங்கே பாட்டுக் கேட்டாலும் பாதிக்கு மேல் ‘அசெம்பிள் செட்’. அதன் வயிற்றில் ‘நாலாயிரத்து நானூத்தி நாப்பது’ உட்கார்ந்திருக்கும். கார் ஸ்டீரியோவுக்கென்று சான்யோ கம்பெனி செய்த எல்.ஏ.4440 என்ற பதினாலு கால் ஐ.சி. பக்கத்துக்கு 6 வாட், இரண்டையும் சேர்த்துக் கட்டினால் 19 வாட். பெட்டிமேல் ஒட்டிய ஸ்டிக்கர் மட்டும் 1000 வாட் பி.எம்.பி.ஓ. என்று சொல்லும். ஐ.சி. உண்மையைச் சொல்லும், ஸ்டிக்கர் ஆசையைச் சொல்லும். ஆசாமி ஏகாம்பரகுப்பத்தில் ரயிலேறி, சென்னை ரிச்சி தெருவில் இறங்கித் தேடி, ஒரு கிட் வாங்கி வந்தார். பாடியது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

பாடிய பெட்டி ஒன்று கையில் இருந்தால், இன்னும் நன்றாகப் பாடும் பெட்டி ஒன்று மனதில் முளைக்கும். இந்த முறை போர்டையே தானே செய்வதென்று தீர்மானித்தார். வரைபடத்தை லேசர் பிரிண்டரில் எடுத்து, செம்புத் தகட்டின்மேல் கவிழ்த்து, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் மை தகட்டில் ஒட்டிக்கொள்ளும். மை இல்லாத செம்பை ஃபெரிக் குளோரைடு கரைத்துவிடும். கரைசலை எவர்சில்வர் தட்டில் ஊற்றினார். அது செம்பைத் தின்னும் என்பதைப் படித்திருந்தார். எவர்சில்வரையும் தொட்டுக்கொள்ளும் என்ற பக்கத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை.

தட்டு போனாலும் போர்டு வந்தது. ஆனால் படத்தை இடவலம் மாற்றி அச்சடித்துவிட்டதால் எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருந்தது. ஐ.சி.யின் கால்களும் அப்படியே. கடைசியில் அதைப் போர்டின் அடிப்பக்கமாக வௌவால்போல் தொங்கவிட்டுப் பற்றவைத்தார். அதுவும் பாடியது. மனைவி மட்டும் தட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

“இனிமே வீட்டுல மருந்து ஊத்தக் கூடாது” என்ற உத்தரவுக்குப் பிறகுதான் வெளியூர் ஆர்டர்.

போர்டு ஆர்டர் கொடுப்பவர் ‘கெர்பர் ஃபைல்’ அனுப்ப வேண்டும். செம்பு எங்கே ஓட வேண்டும், பச்சைப் பூச்சு எங்கே விட வேண்டும், வெள்ளை எழுத்து எங்கே விழ வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு. துளைகளுக்கு மட்டும் தனிக் கோப்பு. கெர்பர் ஒரு மனிதரின் பெயர். ஜோசப் கெர்பர் 1924-இல் வியன்னாவில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போனவர். பைஜாமாவின் எலாஸ்டிக்கைப் பிடுங்கி, அதில் கோடு போட்டு, இழுத்தால் நீளும் அளவுகோல் செய்ததுதான் அவருடைய முதல் கண்டுபிடிப்பு. அச்சடித்த சர்க்யூட்டை உருவாக்கிய பால் ஐஸ்லரும் வியன்னாக்காரர். 1907-இல் பிறந்து, லண்டனுக்குப் போய், 1936-இல் அந்த முறையில் ஒரு ரேடியோவைச் செய்து காட்டினார். மோட்ஸார்ட் வாழ்ந்த ஊர்க்காரர்கள் இரண்டு பேர் கைவைத்த தொழில், பாட்டுப் பெட்டியில் வந்து முடிவது பொருத்தம்தான் என்று ஆசாமி மனைவிக்கு விளக்கினார். மனைவி கேட்டது பைஜாமா சமாசாரம் ஒன்றைத்தான். அன்றிலிருந்து கொடியில் காயும் துணிமேல் அவருக்கு ஒரு கண்.

ஷென்சென் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. நீளம் அகலம் நூறு நூறு மில்லிமீட்டருக்குள் இருந்தால் விலை கொள்ளை மலிவு. ஆனால் அஞ்சுக்குக் குறைந்து தர மாட்டார்கள். ஆசாமிக்குத் தேவை இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று, ஆக இரண்டு. மீதி மூன்று கொசுறு என்று நினைத்து மகிழ்ந்தார். பிறகு விமானக் கூலியைப் பார்த்தார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். இத்தனைக்கும் இதே வட்டாரத்துத் தொழிற்பேட்டையான ஸ்ரீசிட்டியில் 2015-லிருந்தே செல்போன் செய்கிறார்கள். உள்ளங்கையளவு போர்டுக்கு விஜயபுரத்துக்காரர் சீனாவுக்கு எழுத வேண்டியிருக்கிறது.

பார்சல் வந்தது. தபால்காரர் ஆட்டிப் பார்த்துவிட்டு, “ஏமி சார் இதி, பிஸ்கட்டா?” என்றார். 1.6 மில்லிமீட்டர் கனத்தில், பச்சைப் பளபளப்பில், அஞ்சு போர்டுகள். ஆசாமி தன் கையெழுத்தை வெள்ளி மையில் பார்த்தவர்போல் நின்றார். பிறகு 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை எடுத்து வைத்தார். அதன் கால்களுக்கு இடையே 10 மில்லிமீட்டர். போர்டின் துளைகளுக்கு இடையே 7.5.

அஞ்சிலும் ஒரே தப்பு, அச்சுப் பிசகாமல்.

புத்தூர் பக்கத்து ஊர்தானே. எலும்பு முறிந்தவர்கள் எங்கெங்கிருந்தோ அங்கே கட்டுப்போட வருகிறார்கள். ஆசாமி கெப்பாசிட்டர் காலை வளைத்து, செம்புக் கம்பி சுற்றி, ஈயம் வைத்து, பசை ஊற்றிப் புத்தூர்க் கட்டே போட்டுப் பார்த்தார். நின்றது, ஒரு காலை நொண்டிக்கொண்டு. இரண்டாம் பதிப்புக்கு ஆர்டர் போனது. மறுபடியும் அஞ்சு.

இதற்குள் அவர் ‘மாட்யூல்’ மதத்துக்கு மாறியிருந்தார். பவர் சப்ளை ஒரு போர்டு, வால்யூமும் டோனும் ஒரு போர்டு, ஆம்ப்ளிஃபயர் பக்கத்துக்கு ஒன்று, ஸ்பீக்கரைக் காப்பாற்ற ஒன்று. எது கெட்டாலும் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். கூட்டுக் குடும்பத்தைப் பிரித்துத் தனிக்குடித்தனம் வைப்பது மாதிரி. தனிக்குடித்தனம் ஒவ்வொன்றும் அஞ்சு அஞ்சாக வரும் என்பதுதான் கணக்கில் விட்டுப்போனது.

ஐ.சி.யும் மாறியது. இப்போது எல்.எம்.3886. கூட்டல் கழித்தல் 28 வோல்ட் கொடுத்து 4 ஓம் ஸ்பீக்கர் வைத்தால் 68 வாட் தரும் சில்லு. ரிச்சி தெருவில் 18-0-18 டிரான்ஸ்ஃபார்மர் கேட்டு வாங்கினார். பவர் சப்ளை போர்டில் மாட்டி மீட்டர் வைத்தபோது 25 வோல்ட் காட்டியது. கடைக்காரர் தெரியாமல் ஏழு வோல்ட் கூடுதலாகக் கொடுத்துவிட்டார் என்று ஆசாமிக்குச் சந்தோஷம். ஏ.சி.யை டி.சி. ஆக்கினால் 1.4 மடங்கு ஏறும் என்பது எட்டாம் வகுப்பில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன் சொல்லித்தான் தெரிந்தது.

அந்தச் சில்லின் முதுகுத் தகட்டில் கழித்தல் வோல்டேஜ் ஓடும். அலுமினிய ஹீட்சிங்கில் திருகும்போது நடுவே ஒரு மைக்காத் துண்டு வைக்க வேண்டும். மைக்காவுக்குப் பேர்போன கூடூர் இதே வட்டாரம். இங்கே தோண்டித் தேசமெல்லாம் அனுப்பிய சரக்கை, இங்கே பிறந்தவர் வைக்க மறந்தார். நல்லவேளை, முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது வரிசையில் ஒரு குண்டு பல்பை மாட்டியிருந்தார். மெக்கானிக்குகள் ‘சீரிஸ் பல்பு’ என்பார்கள். ஷார்ட் இருந்தால் சில்லு எரியாமல் பல்பு எரியும். பல்பு ஜெகஜோதியாக எரிந்தது. “பாட்டு வரலைன்னா என்ன, வெளிச்சம் வந்துச்சில்ல” என்றார் மனைவி.

மைக்கா வைத்தபின் பாட்டும் வந்தது. விடியற்காலையில், 1963-இல் இசைத்தட்டாக வந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதத்தைப் போட்டார். திருமலை அடிவாரத்து வட்டாரத்தில் ஆம்ப்ளிஃபயருக்கு வேறு பரீட்சை கிடையாது. குரலுக்கு அடியில் ‘ஊம்ம்’ என்று ஓர் இரைச்சல். எர்த் கம்பிகளையெல்லாம் ஒரே புள்ளியில் சேர்த்துக் கட்டினார். கேபிளை மாற்றினார். இரைச்சல் போகவில்லை. மூன்றாம் நாள் கரண்ட் இருக்கும்போதே இரைச்சல் மட்டும் நின்றது. அப்போதுதான் தெரிந்தது, அது பின்தெரு விசைத்தறி. அன்று தறிக்கு லீவு.

அஞ்சில் இரண்டு வீட்டில் பாடின. ஒன்று சலூனுக்குப் போனது, ஒன்று டீக்கடைக்கு, ஒன்று கங்கம்மா கோயிலுக்கு. காசு வாங்கவில்லை. டீக்கடைக்காரர் மட்டும் மூன்று மாதம் டீ கொடுத்துக் கணக்கைத் தீர்த்தார்.

ஜாத்திரைக்கு முன்பு கோயில்காரர்கள் வந்தார்கள். ஒரு ஸ்பீக்கர் போதவில்லையாம், எதிர்ப்பக்கமும் ஒன்று வேண்டுமாம். அதற்கு இன்னும் ஒரே ஒரு போர்டு. ஆசாமி அவர்களை அனுப்பிவிட்டு மெதுவாகக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார்.

மனைவி பின்னால் வந்து நின்று விரலை மடக்கினார். “கோயிலுக்கு ஒன்னு. மீதி நாலு. ஏங்க, நம்ம ஊர்ல இன்னும் நாலு டீக்கடை இருக்கா?”

“பக்கத்துல நிண்ட்ராவுல இருக்கு” என்றார் ஆசாமி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.